தாடைக்குக் கீழே அல்ட்ராசவுண்ட்: எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

கேள்வி | 10 மார்ச் 2024

அக்கா, ஈப்போவில் தாடைக்கு அல்ட்ராசவுண்ட் செய்யப் போவதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு 41 வயது. தாடைக்குக் கீழே தொங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர் அழகு சலூனில் ஹைஃபு என்கிற அல்ட்ராசவுண்ட் மூன்று தடவைக்கு 699 வெள்ளி (ரிங்கிட்), கத்தி இல்லை, அன்றைக்கே வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். கிளினிக்கில் கேட்டால் ஒரு தடவைக்கே மூவாயிரம் பக்கம் வருகிறது. இரண்டும் ஒரே அலைதானே? ஜூன் கடைசியில் தம்பி கல்யாணம். அதற்குள் இரட்டைத் தாடை போய்விடுமா?

பதில் | 10 மார்ச் 2024, இரவு

சலூனில் செய்யாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

2022இல் என் தங்கச்சி ஒரு சலூனில் செய்துகொண்டாள். பெயர் வேண்டாம். கருவியைப் பிடித்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஜெல்லைக் கொஞ்சமாகத் தடவி, தாடை எலும்பு ஓரமாகவே திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறாள். இவள் வலிக்குது என்றதற்கு, வலித்தால்தான் வேலை செய்யுது என்று அர்த்தம் என்றாளாம். மறுநாள் காலையில் தாடை ஓரத்தில் தீக்குச்சி நீளத்துக்கு மூன்று சிவப்புக் கோடு. அது பரவாயில்லை. பல் விளக்கும்போது கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கமாகவே வழிந்தது. சிரித்தால் கீழுதடு இடது பக்கம் இறங்கவில்லை. அந்த வழியாக ஒரு நரம்பு போகிறது, கீழுதட்டை இழுத்துப் பிடிப்பது அதுதான், அதில் சூடு பட்டிருக்கிறது என்று அரசாங்க மருத்துவமனையில் சொன்னார்கள். ஆறு வாரத்தில் சரியானது. கோடுகள் கறுத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தன. அந்த ஆறு வாரமும் அவள் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை, வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான் பேசினாள். சலூனில் பணமும் தரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு படித்தேன். வரும் சனிக்கிழமை எனக்குத் தேதி. நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

11 மார்ச் 2024

ஒரே அலையா என்று கேட்டீர்கள். அலை ஒன்றுதான். வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனிலும் ஒலி அலைதான் போகிறது. இதில் அதை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். அந்தப் புள்ளியில் மட்டும் 60 முதல் 70 டிகிரி வரை சூடு ஏறும். மேல்தோலுக்குச் சேதம் இல்லை, உள்ளே கடுகைவிடச் சிறிய சூட்டுப் புள்ளி விழும். அங்கே தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற நார் சுருங்கும், பிறகு உடம்பு அதைக் காயமாக நினைத்துப் புதுக் கொலாஜனைக் கட்டும். அந்தக் கட்டுமானத்துக்கு மாதக்கணக்காகும். "அன்றைக்கே வித்தியாசம்" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆழம்தான் எல்லாம். கருவி முனைகள் பெரும்பாலும் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வருகின்றன. தோலுக்கடியில் தசையைப் போர்த்தியிருக்கும் ஒரு படலம் உண்டு, முக அறுவை செய்பவர்கள் இழுத்துத் தைப்பது அதைத்தான். 4.5 முனையின் குறி அதுவே.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் பால் வெட்டியவர். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு போவார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, கத்தி அதைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிப் பின்னால் வெட்டவே வராது. பயந்துகொண்டு மேலாக வெட்டினாலோ பால் குறைந்துவிடும். மில்லிமீட்டர் கணக்கு அம்மாவுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இந்தச் சிகிச்சையை நான் புரிந்துகொண்டது அப்படித்தான். கத்தி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 699க்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் இருப்பது கை. அதோடு, தோலுக்கடியில் என்ன இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்யும் வசதி. அது எல்லாக் கருவியிலும் கிடையாது.

12 மார்ச் 2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். "அமெரிக்காவில் அங்கீகரித்தது" என்று சலூன்காரர்கள் சொல்வது அல்தெரா கருவியைப் பற்றியது. 2009இல் புருவத்தைத் தூக்கவும், 2012இல் தாடைக்குக் கீழும் கழுத்திலும் தளர்ந்த சதையைத் தூக்கவும் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி அந்தக் கருவிக்குத்தான். ஹைஃபு என்று ஒட்டுத்தாள் ஒட்டிய எல்லாப் பெட்டிக்கும் அது வராது.

நம் மலேசியாவில் அழகு சிகிச்சை செய்யும் மருத்துவரிடம், அதற்குத் தகுதி உண்டு என்று சுகாதார அமைச்சு தரும் எல்சிபி சான்று இருக்க வேண்டும். கிளினிக் 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டப்படியும், கருவி 2012ஆம் ஆண்டின் 737ஆம் சட்டப்படியும் பதிவாகியிருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் கேட்டேன். அந்த டாக்டர் முகம் சுளிக்காமல் சுவரில் மாட்டியிருந்ததைக் கையால் காட்டினார்.

13 மார்ச் 2024

உங்கள் தாடைக்குக் கீழே இருப்பது என்ன? இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நான் தையல்காரி. ரவிக்கை தொளதொள என்றிருக்கிறது என்று யாராவது வந்தால் உடனே கத்தரிக்கோலை எடுக்க மாட்டேன். துணி அதிகமா, அளவு தப்பா, இல்லை தோள்பட்டை இறக்கமா என்று முதலில் பார்ப்பேன். இதுவும் அப்படித்தான். கண்ணாடி முன்னால் நேராக நின்று தாடைக்குக் கீழே கிள்ளிப் பாருங்கள். ஜார்ஜெட் மடிப்பு மாதிரி மெல்லிசாக வந்தால் அது தோல் தளர்ச்சி. இட்லியைப் பிடித்த மாதிரி தடிமனாக வந்தால் கொழுப்பு. "ஈ" என்று கீழுதட்டை இழுத்துச் சொல்லும்போது கழுத்தில் இரண்டு கயிறு எழும்பினால் அது தசைப் பட்டை. பக்கவாட்டில் படம் எடுத்துப் பாருங்கள், கீழுதட்டுக்கு ரொம்பப் பின்னால் தாடை இருந்தால் எலும்பு அமைப்பே அப்படி, ஒல்லியாக இருந்தாலும் இரட்டைத் தாடை தெரியும்.

அல்ட்ராசவுண்ட் கை கொடுப்பது முதலாவதற்கு. அதுவும் லேசாகவோ நடுத்தரமாகவோ தளர்ந்திருந்தால்தான். கொழுப்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன: எடையைக் குறைப்பது, உறிஞ்சி எடுப்பது, கொழுப்பைக் கரைக்கும் ஊசி. அந்த ஊசி மருந்துக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் பித்தநீரில் இருக்கும் அமிலம்தான் அது. போட்டால் சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட, தாடை நன்றாக வீங்கிவிடும். தோல் மடிந்து மடிந்து தொங்கினால் கத்திதான், வேறு பேச்சில்லை.

இன்னொன்று. ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தாலோ, விழுங்கும்போது மேலும் கீழும் அசைந்தாலோ, அழகு சிகிச்சைப் பேச்சை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். தைராய்டாக இருக்கலாம், நெறிக்கட்டியாக இருக்கலாம்.

16 மார்ச் 2024, இரவு

முடிந்தது. 2,800 வெள்ளி. ஒரு வருடம் ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம்.

காலை பத்தரைக்கு மரத்துப்போகும் களிம்பு தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அதற்குள் கேள்விகள்: இதயத்துடிப்புக் கருவி வைத்திருக்கிறீர்களா, ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா, காயம் ஆறும்போது தழும்பு தடித்து வளருமா, அந்த இடத்தில் புண் அல்லது பெரிய பரு உண்டா. தங்கச்சியிடம் அந்தச் சலூனில் இதில் ஒன்றையும் கேட்கவில்லை.

டாக்டர் வெள்ளைப் பென்சிலும் அடிஸ்கேலும் எடுத்து என் கழுத்தில் கோடு போட்டார். துணியில் நான் சாக்பீஸால் போடுவது போலவேதான், ஓரம் விட்டு, நடுவை விட்டு. நடுவில் குரல்வளையும் தைராய்டும் இருக்கின்றன, அங்கே முனை போகாது. தாடை ஓரத்தில் நரம்பு போகும் இடத்தையும் விரலால் தடவிப் பார்த்து ஒதுக்கினார். தங்கச்சி பட்டது அந்த இடத்தில்தான். அவர் விரல் அங்கே நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

ஜெல் சில்லென்று இருந்தது. முனையை அழுத்தி வைத்து, திரையைப் பார்த்து, தோலோடு முழுக்க ஒட்டியிருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 25 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு புள்ளி வரிசை. தையல் மிஷினில் ஊசி இறங்குவது மாதிரி சுள் சுள் சுள் என்று ஓடியது. சதைப்பிடிப்பான இடத்தில் பொறுக்கலாம். எலும்புக்குப் பக்கத்தில் வந்தபோது பல் வேரில் கம்பி இழுத்த மாதிரி இருந்தது. இரண்டு தடவை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்.

நோன்பு மாதம். திரும்பி வரும்போது ரமலான் சந்தையில் பூபோர் கஞ்சி வாங்கினோம். மெல்ல வேண்டாம் என்பதால்.

17 மார்ச் 2024

லேசான வீக்கம். தொட்டால் வலி. தாடைக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உணர்வு இல்லை. சில வாரங்களில் திரும்பிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

23 மார்ச் 2024

பலன் தெரிகிறது! கழுத்து இறுகிவிட்டது. கோயிலில் இரண்டு பேர் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். ஒரு வாரத்திலேயே இப்படி என்றால் ஜூனில் எப்படி இருக்குமோ. உங்கள் தம்பி கல்யாணத்துக்குள் நிச்சயம் முடியும் மா, மருத்துவரிடம் சீக்கிரம் தேதி வாங்குங்கள்.

6 ஏப்ரல் 2024

23ஆம் தேதி எழுதியது தப்பு. அதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் நம்பாதீர்கள்.

அது வீக்கம். உள்ளே நீர் கோத்து தோல் விறைப்பாக இருந்திருக்கிறது. வீக்கம் வடிந்ததும் பழைய தாடை அப்படியே திரும்பிவிட்டது. நேற்றுக் கண்ணாடியில் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது, 2,800 வெள்ளி. கிளினிக்குக்குப் போன் செய்தேன். "மூன்று மாதத்துக்கு முன்னால் பார்க்கவே பார்க்காதீர்கள் என்று சொன்னேனே அம்மா" என்றார் டாக்டர். சொன்னார்தான். சலூன்களில் "அன்றைக்கே வித்தியாசம்" என்று எடுத்துக் காட்டும் படங்கள் எப்படி வருகின்றன என்பது இப்போது புரிகிறது. அந்த வீக்கத்தைத்தான் படம் எடுக்கிறார்கள்.

உணர்வில்லாத இடம் இன்றைக்குக் கூசுகிறது. திரும்பி வருகிறது போல.

28 ஏப்ரல் 2024

அளவுநாடா எடுத்தேன். சிகிச்சைக்கு முந்தின நாள் கழுத்துச் சுற்றளவு 34.5 சென்டிமீட்டர். இன்று 34.5. மூன்று தடவை அளந்தேன். ஏமாந்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

29 ஏப்ரல் 2024

ராத்திரி யோசித்தேன். நாடா சுற்றளவைத்தான் அளக்கும். கொழுப்பு குறைந்தால் சுற்றளவு குறையும். தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே ஏறினால் நாடாவுக்கு எப்படித் தெரியும்? பாவாடை நாடா தளர்ந்தது இடுப்பளவில் தெரியாது, கொசுவம் இறங்கியிருப்பதில்தான் தெரியும். நான் அளந்த அளவே பொருத்தமில்லை. படம்தான் எடுக்க வேண்டும்.

நல்லவேளை, மார்ச் 15ஆம் தேதி படம் எடுத்து வைத்திருந்தேன். அதே சன்னல், காலை ஒன்பது மணி, அதே பச்சை ரவிக்கை, தலைமுடியைத் தூக்கிக் கட்டி, தாடை நேராக. மகன் போனைக் கதவு நிலையில் சாய்த்து வைத்து எடுத்தான், கையில் பிடித்தால் உயரம் மாறும் என்று. நீங்கள் எதைச் செய்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். கிளினிக் விளம்பரங்களில் "பின்" படத்தில் தாடை ஒரு விரல்கடை மேலே தூக்கியிருக்கும், வெளிச்சம் முன்னாலிருந்து விழும். காதுமடலையும் தோளையும் ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

12 மே 2024

உங்கள் படம் பார்த்தேன். தனியாக அனுப்பியது நல்லது. இரண்டு விஷயம்.

போனை மடியில் வைத்துக்கொண்டு வாட்ஸப்பில் பேசும்போது தெரியும் தாடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். கீழேயிருந்து பார்த்தால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் இரட்டைத் தாடைதான்.

அடுத்தது முக்கியம். கழுத்து மடிப்பில் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்திருக்கிறதே, அது அழுக்கில்லை, தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்க வேண்டாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது பலருக்கு அப்படிக் கறுக்கும். நம்மவர்களில் சர்க்கரை நோய் எவ்வளவு பேருக்கு என்று நம் லயத்து ஆட்களை எண்ணினாலே தெரியும். என் அப்பாவுக்குக் கால் விரல் போன பிறகுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. நாளைக்கே அரசாங்க கிளினிக்கில் ரத்தம் கொடுங்கள். தாடை காத்திருக்கும்.

கறுத்த தோலுக்கு அல்ட்ராசவுண்ட் ஆகுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஆகும். லேசர் ஒளியைத் தோலின் நிறமி உறிஞ்சும், ஒலிக்கு நிறம் தெரியாது. நமக்கு இது ஒரு நல்ல அம்சம். ஆனால் முனை சரியாக ஒட்டாமல் சூடு மேலே நின்றுவிட்டால், தங்கச்சிக்கு வந்தது போல நமக்குக் கறுப்பு அதிக நாள் தங்கும்.

16 ஜூன் 2024

மூன்று மாதம். அதே சன்னல், அதே பச்சை ரவிக்கை.

இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். வித்தியாசம் இருக்கிறது. மார்ச் படத்தில் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் வளைவு மழுங்கி இறங்குகிறது. இப்போது அங்கே ஒரு கோணம் தெரிகிறது. வலது பக்கம் கன்னம் தாடை ஓரத்தில் பிதுங்கியது கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, இடது பக்கம் அவ்வளவு இல்லை. கழுத்தில் குறுக்கே ஓடும் இரண்டு கோடும் அப்படியே இருக்கின்றன.

மகனிடம் இரண்டு படத்தையும் தேதியை மறைத்துக் காட்டினேன். சரியாகச் சொன்னான். தங்கச்சி தப்பாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர், "இரண்டிலும் நீ முறைக்கிறாய்" என்றார். வீடே சிரித்தது.

அளவு இதுதான். தினம் என்னைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தூக்கிக் கட்டியது போல மாறும் என்று நினைத்திருந்தால் அழுதிருப்பேன். சாயம் போன சேலையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த மாதிரி: அதே சேலைதான், நிற்கும் விதம் கொஞ்சம் மாறியிருக்கிறது.

உங்கள் தம்பி கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. இப்போது எதையும் செய்யாதீர்கள், வீக்கத்தோடு மணவறையில் நிற்க வேண்டியிருக்கும். எதற்காகச் செய்தாலும் நாலு மாதமாவது முன்னால் செய்ய வேண்டும்.

22 செப்டம்பர் 2024

ஆறு மாதம். ஜூனைவிட நன்றாக இருக்கிறது, இரண்டு பக்கமும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஜூலையிலிருந்து தினம் திடலைச் சுற்றி நடக்கிறேன், மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. சுற்றளவு 33.8. இதில் அலை செய்தது எவ்வளவு, நடை செய்தது எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆகவே என் ஜூன் படத்தை மட்டும் சிகிச்சையின் கணக்கில் வையுங்கள், செப்டம்பர் படத்தை வேண்டாம்.

எடை இறங்கும்போது தோல் இன்னும் தளரும் என்று பயந்தேன். மூன்று கிலோவுக்கு அப்படி ஆகவில்லை. பதினைந்து இருபது இறக்கப் போகிறவர்கள் முதலில் இறக்கிவிட்டு, அதன் பிறகு தாடையைப் பார்ப்பதுதான் சரி.

முகம் ஒட்டிப்போகுமா என்று கேட்டவருக்கு: கன்னத்தில் தேவையில்லாத ஆழத்தில் அதிகமாகச் சுட்டால் அங்கே உள்ள கொழுப்பு கரைந்து முகம் வற்றிப்போகலாம். ஒல்லி முகத்துக்காரர்கள் இதைக் கேட்டுத் தெளிந்துகொண்டுதான் படுக்க வேண்டும்.

1 நவம்பர் 2024

நேற்றுத் தீபாவளி. அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கே வெட்டினான், காயத்தையே காணோம்" என்றார். கோடு கோடாக அவர் விரல்கள் அங்கே தடவின. காயம் இல்லாமல் வெட்டினவன் நல்ல வெட்டுக்காரன் என்றார்.

உங்களுக்குச் சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது தெரிந்தது பெரிய விஷயம் மா. டாக்டர் தாடையைக் கிள்ளிப் பார்த்து, கொழுப்புதான், அல்ட்ராசவுண்டுக்குப் பணம் கட்டாதீர்கள் என்று திருப்பி அனுப்பினார் என்றீர்களே, அந்த டாக்டரை விடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லி வருமானத்தை விடுகிற டாக்டர் கிடைப்பது லேசில்லை.

16 மார்ச் 2025

ஒரு வருடம். படம் எடுத்தேன். பச்சை ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது, அதனால் தோள் கோடு கொஞ்சம் மாறியிருக்கிறது, ஒப்பிடும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் இருந்த கோணம் சற்று இறங்கியிருக்கிறது. போன மார்ச் நிலைக்கு வரவில்லை. சிகிச்சை செய்ததற்காக வயது நிற்காது, எனக்கும் 54 ஆகிவிட்டது. பலன் ஒரு வருடம், சிலருக்கு அதற்குக் கொஞ்சம் மேலே என்று முதல் நாளே டாக்டர் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

மறுபடி செய்வேனா? இந்த வருடம் இல்லை. அம்மாவுக்குக் கண்புரை எடுக்க வேண்டும், பணம் அதற்கு. செய்ததற்கு வருத்தமும் இல்லை. தங்கச்சி என்னோடு ஈப்போவுக்கு வந்து டாக்டரைப் பார்த்தாள். தாடையைக் காட்ட இல்லை. அந்த மூன்று கோட்டில் ஒன்று இன்னும் நிழல் மாதிரி இருக்கிறது, அதற்குக் களிம்பு வாங்க. வெயிலில் போகும்போது அந்த இடத்தை மூடிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்த படம் செப்டம்பரில்.